ஆயிரத்தால் பெருக்கும் கை

லேப் வேலை என்பது, ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவதை நாம் மலர்ந்த முகத்துடன் வாங்கி, பெயரும் நேரமும் எழுதி வைக்கிற வேலை.

பதினாறு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறேன். ஒத்தக்கடையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் லேப். அதில் கல்ச்சர் மேஜை என்னுடையது. சிறுநீர், சளி, சீழ் எது வந்தாலும் ஒரு வட்டத் தட்டில் உறைந்திருக்கும் அகர் கூழின் மேல் கம்பியால் இழுத்து, இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாகக் கிருமி வளர்ந்திருக்கிறதா என்று எண்ணிச் சொல்வேன். எண்ணுவது நான். ஆனால் ரிப்போர்ட்டில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது கவுன்டரில் ரத்தம் எடுக்கிற பாண்டி. அவனிடம் டிப்ளமோ இருந்தது. என்னிடம் இருந்தது பிளஸ் டூவுக்குப் பிறகு படித்த ஒரு வருஷச் சான்றிதழ் மட்டும்.

ரோஷம் வந்து, நாற்பது வயதில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிற ஓர் இடத்தில் டிப்ளமோவுக்குச் சேர்ந்தேன். எல்லாப் பேப்பரும் பாஸ், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நுண்ணுயிரியல் அறிமுகம். சிரிக்காதீர்கள். தினமும் நான் எண்ணுகிற அதே கிருமிகள்தாம். ஆனால் பேப்பரில் பாதி கணக்கு. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் கறிச் சுரைக்காய் ஏட்டுக்கு உதவவில்லை.

மூன்றாவது தடவை எழுதுவதற்கு முன்னால் லேப்பை நடத்துகிற எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி வேலை பார்க்கிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை பாஸானால் மேஜை எனக்கு. இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்திருக்கிற எம்.எஸ்ஸி. பெண் பெனாசிருக்கு, நான் கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டியது. பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் கழித்து அரியர் எழுதியிருக்கிற சக பாவிகளே, எனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கணக்கிலேயே சண்டை

எனக்குக் கணக்குச் சொல்லித்தர முன்வந்தது வேறு யாருமில்லை, அதே பெனாசிர். காஜிமார் தெருப் பெண். இருபத்து நாலு வயது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தினம் மூன்று கணக்கு என்று ஏற்பாடு. நோன்பு மாதத்தில்கூட அவள் நிறுத்தவில்லை. நான் எதிரே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட, அவள் எச்சில்கூட விழுங்காமல் கணக்குச் சொல்வாள். எனக்குத்தான் தொண்டையில் சோறு இறங்காது.

முதல் நாள் கணக்கு இது. ஒரு பாக்டீரியா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரிகிறது. மூன்று மணி நேரத்தில் எத்தனை? நான் பேனாவை எடுக்கவில்லை. “எந்தக் கிருமி? எந்த மீடியம்? தட்டு ஃப்ரிட்ஜில் இருந்து அப்போதுதான் வந்ததா, ஏற்கெனவே சூடாக இருந்ததா?” என்று கேட்டேன். அவள் பொறுமையாக, “அதெல்லாம் குடுக்கலக்கா” என்றாள். “குடுக்காம எப்படிச் சொல்றது? நம்ம ஏரியாவுல மூணு மணி நேரத்துல ஒரு தடவையாவது கரண்டு போகும். இன்குபேட்டர் ஆறிப்போனா அது எப்படிப் பிரியும்?” என்று நான் குரலை உயர்த்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

ஒன்பது தடவை பிரியும், ஆகவே ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று அவளே போட்டுக் காட்டினாள். நான் ஒப்புக்கொள்ளாமல் முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, கணக்குல மட்டும் கரண்டே போகாது. அத மொதல்ல நம்புங்க.”

சோழவந்தான் பஸ்

என் வீடு கோச்சடையில். காலையில் சோழவந்தானிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஒத்தக்கடைக்கு இன்னொரு பஸ். உட்கார இடம் கிடைத்தால் மடியில் நோட்டு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும்.

அன்றைக்கு இருந்த கணக்கு: குடுவையில் ஒன்பது மணிக்குக் கிருமியைப் போட்டார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகி, பன்னிரண்டு மணிக்குக் குடுவை நிறைந்தது. பாதிக் குடுவை நிறைந்தது எத்தனை மணிக்கு? இதில் என்ன இருக்கிறது என்று பத்தரை என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடு பத்தரைதானே?

பக்கத்தில் வெற்றிலைக் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், “தப்பாப் போட்டுட்டியே ஆத்தா” என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அவர் விடவில்லை. “அழுகலு அப்படியா வரும்? பாதிக் கட்டு அழுகுற வரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது. பாதி போச்சுன்னு நீ பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள மீதியும் போயிரும். நீ சொன்ன கணக்குக்குப் பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாலதான் பாதி இருந்திருக்கும்” என்றார். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது.

பெரியாரில் கூட்டம் இறங்கியது. கட்டைத் தூக்கிவிட நான் கை கொடுத்தேன். அந்த அம்மா தலையில் ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்: “இதுக்கா இம்புட்டுப் பெரிய நோட்டு? எங்க வெத்தலைக் கொடிக்கால்ல வந்து ஒரு மழைக்காலம் நில்லு, தானாப் பாஸாயிருவ.”

கை முந்துகிறது

இரண்டு வாரம் ஆயிற்று. பெருகுகிற கணக்கெல்லாம் வசப்பட்டது. தட்டில் எண்ணுகிற கணக்கு மட்டும் வரவேயில்லை. எண்ணுவதுதான் என் பிழைப்பே, அதில்தான் ஒவ்வொரு நாளும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. நான் போட்டுவைத்த பழைய கணக்குகளை எல்லாம் பெனாசிர் ஒரு நாள் வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம், “அக்கா, நீங்க எல்லாத்தையும் ஆயிரத்தால பெருக்கியிருக்கீங்க” என்றாள்.

உண்மைதான். சிறுநீர் கல்ச்சருக்கு ஒரு கம்பி லூப் வைத்திருப்போம். அதன் நுனி வளையத்தில் நிற்பது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் தட்டில் நாற்பது புள்ளி இருந்தால் மில்லிக்கு நாற்பதாயிரம் என்று எழுதுவோம். பதினாறு வருஷம் அப்படி எழுதியே பழகிய கை. புத்தகக் கணக்கிலோ ஒரு நாள் பத்தில் ஒரு மில்லி ஊற்றுவார்கள், ஒரு நாள் முழு மில்லி ஊற்றுவார்கள், அதற்கு முன்னால் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று தண்ணீர் கலந்திருப்பார்கள். நான் அதையெல்லாம் படிப்பேன், தலையை ஆட்டுவேன், கடைசியில் கை தானாகவே மூன்று சைபரைப் போட்டுவிடும். இரண்டு தேர்விலும் என்னைக் கவிழ்த்தது என் மக்குத்தனம் இல்லை, என் பழக்கம். அது தெரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நோய் என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி குணம் என்பதை லேப்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். எந்தக் கணக்கானாலும் முதல் வரியில் ‘எம்புட்டு ஊத்துனாங்க?’ என்று எழுதி, அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. இதையெல்லாம் கவுன்டரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாண்டி ஊசியைக் கூடையில் போட்டபடியே சொன்னான்: “நல்லவேளை அக்கா, நீங்க ரேஷன் கடையில வேலைக்குப் போகல.”

உழுத வயல்

சும்மா கற்றுக்கொள்கிற ஆள் இல்லை நான். பெனாசிருக்குப் புத்தகம் தலைகீழ்ப் பாடம், ஆனால் தட்டில் கம்பியை இழுக்கத் தெரியாது. அகரைக் கிழித்துவிடுவாள். அவள் இழுத்த தட்டைப் பார்த்தால் மேலூர்ப் பக்கம் உழுது போட்ட வயல் ஞாபகம் வரும். கம்பியின் கனமே போதும், கையின் கனத்தை அதன் மேல் ஏற்றாதே, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி இழு என்று சொல்லிக் கொடுத்தேன். பத்துத் தட்டு வீணாக்கினாள். பதினோராவது தட்டில் கிருமிக் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் முத்து முத்தாக வளர்ந்திருந்தன.

பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டான். நீங்கள் பெயிலானால் மேஜை அந்தப் பிள்ளைக்கு, அதற்கு நீங்களே கை பிடித்துச் சொல்லித்தருகிறீர்களே என்றான். எனக்கும் உள்ளே அந்த முள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. எதையும் மனசில் வைத்துப் புழுங்குகிற சுபாவம் எனக்குக் கிடையாது. நேரே பெனாசிரிடம் போய், “நான் பெயிலானா உனக்குத்தான லாபம். எதுக்கு எனக்குத் தெனமும் கணக்குச் சொல்லித்தார?” என்று கேட்டேவிட்டேன்.

அவள் அந்தப் பதினோராவது தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். முகம் வாடிவிட்டது. கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு ஆகிவிட்டது. பிறகு தட்டை மெதுவாக என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க டோக்கன் குடுக்குறதப் பாத்துக்கிட்டே இந்த மேஜையில ஒக்காந்து எனக்குச் சோறு எறங்குமாக்கா?”

ஸ்கூட்டர் டிக்கியில் நாலு மணி நேரம்

சித்திரை வெயிலில் ஒரு பெரியவர் வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. சிறுநீர் டப்பாவை மேஜையில் வைத்தார். எப்போது எடுத்தது என்று கேட்டேன். “காலையில ஆறு மணிக்கே எடுத்துட்டேன். கரண்டு பில்லு, வங்கி, உரக்கடைன்னு வேலை எல்லாம் முடிச்சிட்டு வாரேன்” என்றார். அப்போது மணி பத்து. டப்பா அதுவரை ஸ்கூட்டர் டிக்கியில் இருந்திருக்கிறது. இதை வாங்க முடியாது, புதிதாகக் கொடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இதே லேப்பில் போன வருஷம் வாங்கினார்களே, ஒரு மனுஷனை எத்தனை தடவை அலைக்கழிப்பீர்கள் என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அன்றைக்கு ஏனோ ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, மணிக்கு மூன்று, நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு தடவை. தோலிலிருந்து ஒரே ஒரு கிருமி தவறி விழுந்திருந்தால்கூட இப்போது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. “ஒடம்புல இல்லாத வியாதிக்கு நான் ரிப்போர்ட் குடுப்பேன், டாக்டர் மாத்திரை குடுப்பாரு, நீங்க பத்து நாள் முழுங்குவீங்க. பரவாயில்லையா?” என்று காகிதத்தை அவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். புது டப்பாவை வாங்கிக்கொண்டு போய்ப் புதிதாக எடுத்துத் தந்தார். மறுநாள் அந்தத் தட்டு பளிங்கு மாதிரி இருந்தது, ஒரு புள்ளி இல்லை. என் கணக்கு ஒரு மனிதரைத் தேவையில்லாத பத்து நாள் மாத்திரையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு நான் நிலத்தில் கால் பாவாமல்தான் நடந்தேன், சொல்ல என்ன வெட்கம்? ரிப்போர்ட் வாங்க வந்தபோது அவர் அந்தத் துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்ததாகச் சொல்லிவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார்: “விடை சரிதாம்மா. ஆனா ‘ஆகவே’ன்னு எழுதிக் கீழ கோடு போடல. நான் திருத்துனா அரை மார்க் குறைப்பேன்.”

மாறிப்போன மூடி

தேர்வு நாள். ஹால் வாசலில் நின்றவர், பெற்றோர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று என்னை மடக்கினார். ஹால் டிக்கெட்டைக் காட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே சுற்றிலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். ஒன்று முதல் எட்டு வரை கை ஓடியது. ஒன்பதாவதுதான் பெரிய கேள்வி, பதினைந்து மார்க். ஒரு மாதிரியை ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு, லட்சம் மடங்கு நீர்த்து, ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு மில்லி தட்டில் ஊற்றினார்கள். வளர்ந்த காலனிகள் முறையே இருபத்து நாலு, இருநூற்று முப்பத்தாறு, இரண்டு. மில்லிக்கு எத்தனை?

முதல் வரியில் ‘எம்புட்டு ஊத்துனாங்க?’ எழுதினேன். பத்தில் ஒரு மில்லி. கை அடங்கி நின்றது. எண்ணத் தகுந்த தட்டு முப்பதுக்கு மேல், முந்நூறுக்குள் இருக்க வேண்டும். அப்படியானால் இருநூற்று முப்பத்தாறு. பெருக்கப் போகும்போது கண்ணில் உறுத்தியது. தண்ணீர் அதிகம் கலந்ததில் எப்படிப் பத்து மடங்கு அதிகமாக வளரும்? மோரில் தண்ணீர் ஊற்ற ஊற்ற யாருக்காவது கெட்டியாகுமா?

எனக்குப் புரிந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் தட்டின் மூடியில் பெயர் எழுதுவார்கள். எண்ணும்போது நாலைந்து மூடியைத் திறந்து வைப்பார்கள், மாற்றி மூடுவார்கள். தீர்ந்தது கதை. அதனால்தான் எங்கள் லேப்பில் அடித்தட்டில்தான் எழுத வேண்டும் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். அச்சில் வந்த பிழையோ, வேண்டுமென்றே வைத்த கண்ணியோ தெரியவில்லை. கேட்டபடியே பெருக்கிவிட்டால் பாதுகாப்பு. தப்பென்று எழுதி, திருத்துகிறவருக்குப் பிடிக்காமல் போனால் பதினைந்து மார்க்கும் போகும், அதோடு என் மேஜையும் போகும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேப்பில் இப்படி ஒரு தட்டு வந்தால் கையெழுத்துக்கு அனுப்புவேனா? மாட்டேன். அப்புறம் இங்கே மட்டும் எப்படி எழுதுவது? ‘முதல் இரண்டு தட்டுகளின் மூடி மாறியிருக்கிறது. பெயரை அடித்தட்டில் எழுதியிருக்க வேண்டும். முடிந்தால் மறுபடி செய்யவும். முடியாவிட்டால் விடை: மில்லிக்கு இருபத்து மூன்று லட்சத்து அறுபதாயிரம்’ என்று எழுதி, ‘ஆகவே’ போட்டு, கீழே கோடும் போட்டேன்.

வெளியே வந்தால் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கோடியே முப்பத்தாறு லட்சம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியதைச் சொன்னேன். என் முன் பெஞ்சில் எழுதிய பெண் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “கொஸ்டீனே தப்புன்னு எழுதிட்டு வந்தீங்களா? அம்புட்டுத் தைரியமெல்லாம் எங்க கைக்கு வராது ஆன்ட்டி.”

புரிகிற கையெழுத்து

ரிசல்ட் வந்த அன்று பாண்டியின் போனில் பார்த்தோம். பதிவு எண்ணை அவனே அடித்தான். அறுபத்து மூன்று. பாஸ். அந்த ஒன்பதாவது கேள்விக்கு எத்தனை போட்டார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. பெனாசிர் “யா அல்லாஹ்” என்று என்னைக் கட்டிப்பிடித்ததில் மேஜை ஆடி, ஸ்டாண்டிலிருந்த லூப் கீழே விழுந்தது. டாக்டரம்மா வந்து பார்த்து, மேஜை எனக்குத்தான் என்றும், பெனாசிருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜை போடப்போவதாகவும் சொன்னார். கூடவே, “நாளையிலேர்ந்து ஒங்க தட்டுக்கு நீங்களே கையெழுத்துப் போடுங்க விஜி” என்றார்.

மறுநாள் முதல் ரிப்போர்ட். ஓர் அம்மாளின் சிறுநீர் கல்ச்சர். இரண்டு தடவை எண்ணினேன். பதினாறு வருஷம் பாண்டி கிறுக்கிய இடத்தில் பேனாவை வைத்தபோது கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். கிறுக்க மனம் வரவில்லை. ‘மு. விஜயலட்சுமி’ என்று ஓர் எழுத்து விடாமல் முழுதாக எழுதினேன்.

ரிப்போர்ட்டை வாங்க வந்தவர் அந்த அம்மாளின் மகன், ஆட்டோ ஓட்டுகிறவர். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கையெழுத்துக்கு வந்ததும் நின்றார். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சந்தேகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “என்னக்கா இது, கையெழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கு? இத ஆஸ்பத்திரியில ஒத்துக்கிருவாங்களா?”

மூன்று தடவை எழுதி வாங்கிய டிப்ளமோ கைக்கு வந்த வாரமே அதை லேமினேட் செய்துவிட்டேன். இந்த வேலையில் இருக்கிறவள், எதன் மேல் எந்தக் கிருமி ஏறும் என்று தெரிந்தும் சும்மா இருக்க முடியுமா?